மூன்றாவது சிலிண்டரும் உன் அத்தானும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் என் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இந்த வீட்டில் நலமில்லாமல் இருந்த ஒரே ஆள் நீ எங்களிடம் விட்டுப்போன கார்தான். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "பழைய வண்டிக்கா, எப்பவாவது லேசா இருமும், நீ கண்டுக்காத" என்றாய். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தவளிடம், துடிப்பு விட்டுப்போனால் கண்டுக்காதே என்று சொன்ன முதல் ஆள் நீ.

ரிட்டயர் ஆன பிறகு கிளினிக் டாக்டருக்காக, மாடி இறங்கி வர முடியாதவர்களின் வீட்டுக்கே மெஷினை எடுத்துக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுத்துவருகிறேன் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு மழை நாளில், மூன்றாவது மாடியில் இருக்கும் தையல்கார அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். அவருக்கு மாத்திரை மாற்றியிருந்ததால் அன்றைக்குப் பார்த்தே ஆகவேண்டும். நாலு ரோடு கூடும் இடத்தில் கார் ஒரு குலுங்கு குலுங்கி, விக்கி, நின்றேவிட்டது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், இரண்டும் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தன. மழையில் வாடகை வண்டி ஒன்றும் வரவில்லை. நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். அந்த அம்மா குளித்து, தலை வாரி, எனக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாரல் காற்றில் நடுங்கியபடி படுத்திருந்தார். "நீங்க வரமாட்டீங்களோன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. டாக்டரும் திட்டவில்லை, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்மா" என்றார்.

மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு எங்கள் தெருவில் 'உடனே' என்று பெயர், எதைக் கேட்டாலும் உடனே முடிச்சிடலாம் என்பார். உடனே கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நாலு ஸ்பார்க் பிளக்கையும் உடனே மாற்றினார். எங்கள் கார் இருக்கிறதே, அவர் கடை வாசலை மிதித்ததும் பட்டுப்போல ஓடும். டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் வலி போய்விடும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "என்கிட்ட வந்தா ஒழுங்காத்தானே ஓடுதும்மா, நீங்க கிளட்ச்ச சரியா விடுறதில்லையோ?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கிளட்ச்சைச் சரியாக விட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் உன் அத்தான், "ஏன் நின்னுச்சு?" என்று கேட்காமல், "எத்தன மணிக்கு நின்னுச்சு?" என்று கேட்டார். உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன காலத்தில் எனக்கு ஒரு ஷிஃப்ட், அவருக்கு ஒரு ஷிஃப்ட், பேச நேரம் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு நேரம் மலைபோலக் கிடந்தது, பேச்சுத்தான் இல்லை. வானிலை ஆபீஸ் அவரை விட்டாலும் அவர் அதை விடவில்லை. கொல்லைப்புறத்தில் ஈரப்பதம் காட்டும் கருவியை மாட்டி, நாளுக்கு மூன்று தடவை நோட்டில் எழுதுவார். நானும் அதை ஒரு நோய் என்றே வைத்திருந்தேன். இப்போது அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அன்னிக்குக் காலைல தொண்ணூத்தி நாலு. அதுக்கு முன்னாடி எப்ப குலுங்குச்சு?"

எனக்குத் தேதியா தெரியும்? ஆட்கள்தான் நினைவில் இருந்தார்கள். கீழ்வீட்டு பஸ் கண்டக்டருக்கு நெஞ்சு படபடத்த நாள், இரட்டையரில் ஒருவருக்கு எடுக்கப்போய் மற்றவருக்கு எடுத்த நாள் என்று சொல்லச் சொல்ல, அவர் விரலால் தேடித்தேடி, "தொண்ணூத்தி ஒண்ணு... தொண்ணூத்தி மூணு..." என்று வாசித்தார். எல்லாமே தொண்ணூறுக்கு மேல்! உடனேயின் கடைக்குப் போனதெல்லாம் உச்சி வெயிலில். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த ஈரமான காலைக்காகக் காத்திருந்தோம். வந்தது. இன்ஜினை ஓடவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தைச் சைலென்சர் வாயருகே பிடித்தேன். புகை தள்ளும்போது காகிதம் படபடவென்று அடிக்கும். மூன்று அடி, பிறகு ஒரு தொய்வு. மறுபடி மூன்று அடி, ஒரு தொய்வு. இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதே. பெட்ரோலில் அழுக்கோ கார்புரேட்டரில் கோளாறோ இருந்தால் தாறுமாறாகத் தவறும். இப்படிக் கணக்காகத் தவறினால், இன்ஜினின் நாலு சிலிண்டரில் குறிப்பிட்ட ஒன்றுதான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மனுஷ இதயத்திலும் தாறுமாறாகத் தவறுவது வேறு, கணக்காகத் தவறுவது வேறு. உன் அத்தான் வாட்ச்சைப் பார்த்து எண்ணிக்கொண்டே, "நீ இதத்தான் இத்தன வருஷமா பண்ணிட்டு இருந்தியா?" என்றார். ஏதோ நான் ஆஸ்பத்திரியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்ததாக நினைத்திருப்பார் போல.

எந்த சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடும் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி கொடுக்கும் பிளக்கின் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவேண்டும். பிடுங்கியதும் குலுங்கல் அதிகமானால், அது உழைத்துக்கொண்டிருந்த சிலிண்டர். எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் சும்மா இருந்தது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஒயரைப் பிடுங்கினேன், கார் ஆடியது. இரண்டாவது, ஆடியது. மூன்றாவதைப் பிடுங்கினேன். கார் அசையவே இல்லை! நாலாவதைத் தொட்டபோதுதான் உறையில் ஓட்டை இருப்பது தெரிந்தது. கரண்ட் சுளீரென்று தோள்வரை ஏறி, நான் இரண்டடி பின்னால் போய்ப் பூந்தொட்டிமேல் உட்கார்ந்தேன். உன் அத்தான் நோட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். எங்கே பார்க்கவேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை, பெருவிரலால் தப்பான பக்கத்தை அழுத்திக்கொண்டு, "இருக்கா? இருக்கா?" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லங்க, மூணாவதுங்க, மூணாவது!" என்று நான் கத்தினேன்.

மூன்றாவது பிளக்கை முதலாவதின் இடத்தில் மாற்றிப் போட்டோம். அப்போதும் மூன்றாவதேதான் வேலை செய்யவில்லை. ஆக பிளக்கில் குற்றமில்லை, அதற்குப் போகும் ஒயரில்தான். உடனேயைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். உன் அத்தான் காரை ஷெட்டுக்குள் தள்ளச் சொல்லி, ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார். பகல் பதினொரு மணிக்கு உள்ளே இருட்டு. இன்ஜினை ஓடவிட்டு, துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் டப்பாவால் லேசாகத் தெளித்தார்.

தம்பி, நீ பார்த்திருக்கவேண்டும். மூன்றாவது ஒயர் ஓர் இரும்புக் கிளிப்போடு உரசும் இடத்திலிருந்து சின்னச் சின்ன நீலப்பொறி, பூச்சி சிமிட்டுவதுபோலக் கிளிப்பின்மேல் குதித்துக்கொண்டிருந்தது. மயிரிழை வெடிப்பு. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஈரம் பட்டால் பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் அந்த வழியே ஓடிவிடுகிறது. மூன்று பேரும் பெட்ரோல் புகையில் இருமிக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்தோம். நம் 'உடனே' மெதுவாக, "இன்னொரு தடவ தெளிங்க சார்" என்றார். ஐந்து தடவை தெளித்தோம். மூன்று தடவைக்கு மேல் தேவையே இல்லை.

புது ஒயர் நாலும் போட்டாயிற்று. நேற்று கொட்டுகிற மழையில் தையல்கார அம்மா வீட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விட்டேன். உன் அத்தானும் கூட வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அந்த அம்மாவின் துடிப்பு நிதானமாக இருந்தது. டாக்டரும் அடுத்த மாத லிஸ்டைக் கொடுத்துவிட்டார்.

ஆகையால் பழைய இரும்புக்காரரை அனுப்பி வண்டியைத் தூக்கிவிடவா என்று கேட்டிருந்தாயே, அதெல்லாம் வேண்டாம். இந்தக் காருக்கு இனி ஒரு கோளாறும் வராது. நீ பயப்படுகிறபடி, இந்த வயதில் நாங்கள் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கவும் மாட்டோம். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். மருமகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, ஓட்டையில்லாத கையுறையோடு இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டும் முன் ஒரு செய்தி. இன்று சுள்ளென்ற வெயிலில் கார் மறுபடியும் குலுங்குகிறது, இந்தத் தடவை தாறுமாறாக. பானெட் திறந்திருக்கிறது. வேண்டாம் என்று நான் எழுதியது உனக்குக் கிடைப்பதற்குள்ளாகவே நீ அனுப்பிய பழைய இரும்புக்காரர் வந்துவிட்டார். கதவருகே நின்று எட்டிப்பார்த்தவர், "இது எப்ப இருந்து இப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டார். இப்போது சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, உன் அத்தானையும் உடனேயையும் தள்ளி நிற்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டிருக்கிறார். காரை ஏற்றிப்போக அவர் கூட்டிவந்த லாரிக்காரர் திரும்பிப் போய்விட்டார். எனக்கும் இதற்குமேல் எழுத நேரமில்லை, கூப்பிடுகிறார்கள்.