தையல் போட்ட வயிற்றுக்கு வேண்டிய சாமான்கள்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. அடுத்தவன் வயிற்றில் கத்தி பட்டால்தான் அவர்கள் முகத்தில் களை வரும். கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். சாவு வீட்டில் தப்படிக்கிறவர்களோடு சண்டை பிடிப்பார்கள். ஆனால் ஒருவன் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டான் என்று காதில் விழட்டும், கம்பளிக் கோட்டை உதறி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தேற்றுவோர் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். நோயாளி தேறுவது பிற்பாடு. முதலில் இவர்கள் தேறிவிடுவார்கள்.

உங்கள் பக்கத்தில் இந்த ரகம் இல்லை என்று சொல்லாதீர்கள். இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெயர் சோலைமலை. கங்காணி வேலையிலிருந்து ஓய்ந்தவர். வேலைதான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை.

அதே தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவன் சின்னராசா. தூக்கித் தூக்கி அவனுக்குக் குடலிறங்கிவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னது கொஞ்சம்தான். தரையில் படுக்காதே, எழும்பும்போது வயிறு இழுபடும். இருமலோ தும்மலோ சிரிப்போ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள். தையல் பிரிந்தால் மறுபடி கத்திதான்; பிறகு மூட்டையை மறந்துவிட வேண்டும்.

மூட்டையை மறந்தால் சோற்றையும் மறக்க வேண்டியதுதானே? அதனால் அவன் மனைவி அம்மாக்கண்ணு, மஃறூப் நானாவின் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த பலகைக் கட்டிலை இரவல் கேட்டு வாங்கிவந்தாள். இலவம் பஞ்சு வாங்கி, பழைய சேலையைக் கிழித்து, ஒரு தலையணை தைத்தாள். லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அதற்கு முன்னால் தலையணை என்று ஒன்று வந்ததே இல்லை. கட்டில் ஒன்று, தலையணை ஒன்று. தேவையானது அவ்வளவுதான்.

சோலைமலை விட்டால்தானே?

மறுநாளே வந்துவிட்டார். ஒரு தோளில் தாம்புக் கயிறு, மறு தோளில் கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு, கையில் ஒரு தடி, கக்கத்தில் எச்சில் துப்ப மூடி போட்ட பித்தளைப் படிக்கம், கோட்டுப் பைக்குள் கிணுகிணுவென்று ஒரு மாட்டு மணி.

“மாப்ளே, தையல் எத்தன?”

“எண்ணல மாமா.”

“எண்ணலயா? சொந்தத் தையல எண்ணாத மனுசன் ஒலகத்துல உண்டா?”

அவருடைய ஆபரேஷனைப் பற்றிக் கேள்விப்படாதவர் தோட்டத்தில் இல்லை. தழும்பைப் பார்த்தவர்தான் குறைவு. அது தழும்பு இருக்கும் இடத்தின் கோளாறு. உட்காருகிற இடத்தில் ஒரு கட்டி வந்து, தோட்டத்து மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் கீறிச் சீழ் எடுத்துவிட்டார். கதை அவ்வளவுதான். ஆனால் அன்று முதல் இன்று வரை அவர் வாய் திறந்தால், “நாமல்லாம் கத்திக்குப் போய் மீண்டவங்க” என்றுதான் ஆரம்பிப்பார்.

நாமல்லாம்!

கயிற்றைக் கூரைமரத்தில் கட்டித் தொங்கவிட்டார், பிடித்து எழும்ப. மணியைக் கட்டில் காலில் கட்டினார், கூப்பிட. சின்னராசா புரண்டு படுக்கும்போதெல்லாம் மணி அடித்தது. அடுத்த காம்பராவில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இந்தத் தடிய ஊனி நாலு பேரு எந்திரிச்சு நடந்துருக்காங்க மாப்ளே.”

“நாலு பேரும் நல்லா இருக்காங்களா மாமா?”

“ரெண்டு பேரு நல்லா இருக்காங்க.”

சின்னராசாவுக்குச் சிரிப்பு வந்தது. தலையணையை இறுக்கிப் பிடித்துத் தப்பித்தான்.

அதற்கப்புறம் பத்தியம். கருவாடு கரப்பான், மரவள்ளி வாயு, உருளைக்கிழங்கு அதைவிட வாயு, பாண் ரொட்டி சூடு. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது அங்கே வழக்கமில்லை. வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவதும் வழக்கமில்லை. அம்மாக்கண்ணு அடுப்படியை விட்டு நகரவில்லை. வந்த பாணும் பிஸ்கட்டும் நோயாளிக்கு ஆகாது என்று சொல்லி, வீணாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், சோலைமலையே தேத்தண்ணியில் நனைத்து நனைத்துத் தின்று தீர்த்தார். தியாகம் என்றால் சும்மாவா?

இதையெல்லாம் சின்னராசா பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. வந்ததும் அவர் கட்டிலின் விளிம்பில்தான் உட்காருவார். பலகை உறுத்தும். உடனே, “கத்தி பட்ட ஒடம்பு பாரு,” என்று முனகிக்கொண்டே, சின்னராசாவின் வயிற்றின் மேலிருக்கும் தலையணையை எடுத்துத் தன் தழும்புக்குக் கீழே செருகிக்கொள்வார். வந்து உட்கார்ந்த பெரிய மனிதரை எந்திரிங்க என்று எந்த வாயால் சொல்வது? இருமல் வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் போகிறவரை கூரையைப் பார்த்தபடி கிடப்பான்.

ஒருநாள் அவர் கிருமி ஒழிக்கப் புறப்பட்டார். சட்டியில் நெருப்பள்ளிப் போட்டு, சாம்பிராணியைக் கைநிறையத் தூவி, குளிர் காற்று உள்ளே வராதபடி கதவையும் சாத்திவிட்டு, தலையணை மேல் ஏறி உட்கார்ந்தார்.

புகை கூரைக்குப் போனது. வழி இல்லாமல் கட்டிலுக்குத் திரும்பி வந்தது. சின்னராசாவின் தொண்டையில் பூச்சி ஊர்ந்தது.

“மாமா... தலவாணி...”

“பயப்புடாத மாப்ளே. நான் இருக்கேன்ல?”

இருந்தார். தலையணை மேல்தான் இருந்தார்.

இருமல் வந்தேவிட்டது. சின்னராசா யோசிக்கவில்லை. கைக்கு எட்டியது சோலைமலையின் கழுத்து. எட்டிப் பிடித்து, ஒரே இழுப்பில் அவரை வயிற்றின் மேல் சாய்த்து, தலைப்பாகையோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு இருமினான். மணி கோயில் மணியாக அடித்தது. அம்மாக்கண்ணு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஐயையோ, பெரியப்பாவ விடுங்க! மூச்சு முட்டிப் போயிரும்!”

“விட்டா தையல் போயிரும்டி!”

வயிற்றுக்குள்ளிருந்து, “மவளே, மவளே” என்று ஒரு குரல் வந்தது. இருமல் ஓய்ந்த பிறகுதான் சின்னராசா கையைத் தளர்த்தினான். அம்மாக்கண்ணு காயத்துக் கட்டுத்துணியை விலக்கிப் பார்த்தாள். ஒரு தையலும் பிரியவில்லை. சோலைமலைதான் கொஞ்சம் பிரிந்திருந்தார்.

அதோடு வெட்கப்பட்டு வராமல் இருந்துவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த ரகத்தை உங்களுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் பீலியடியில், தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேரிடமும், புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “என்னயக் கட்டிப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேங்குறான். அம்புட்டுப் பாசம்! இனிமே ரெண்டு வேளையும் போகணும்.”

அது காதுக்கு எட்டியதும் அம்மாக்கண்ணு உட்கார்ந்து இன்னொரு தலையணை தைத்தாள். அது நோயாளிக்கு இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. தெரிந்தவர் யாராவது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாரா? போய்ப் பாருங்கள், பிஸ்கட் வாங்கிக்கொண்டே போங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உங்கள் பழைய வெட்டுக் கதையை ஆரம்பிக்கும்போது இடம் மெத்தென்று சுகமாக இருந்தால் மட்டும், தயவுசெய்து சட்டென்று எழும்பிவிடுங்கள்.