மூலம் அண்ணன் பெண் பார்க்கப் போனார்

கண்டியில் கதை எழுதிய எவரும் விமர்சகருக்குப் பயந்ததில்லை. எல்லோரும் பயந்தது மூலம் அண்ணன் ஒருவருக்குத்தான். டவுனில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தார். அம்பிட்டிய போர்டிங்கில் எனக்குப் பக்கத்துக் கட்டில். எந்தக் கதையைக் கொடுத்தாலும் முதல் பக்கத்திலேயே கண்ணை மூடி, எங்கோ மிதந்துபோய்த் திரும்பி வந்து, "இதுக்கு மூலம் இருக்கு" என்பார். பெற்றோர் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

கப்பலேறி இந்தியா போனவனுக்காக ஸ்டேஷனில் காத்து நிற்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணைப் பற்றி, உயிரைக் கொடுத்து நான் ஒரு கதை எழுதினேன்.

"இவ முன்ன சங்கப் பாட்டுல கடற்கரையில நின்னவ தம்பி. இப்ப ரயிலடிக்கு வந்திருக்கா. ரெண்டாயிரம் வருசமா கால் கடுக்க நிக்கிறா, உக்கார ஒரு கதிரையாவது போட்டுக் குடு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கதையில் ஒரு கதிரையைப் போட்டேன்.

நாற்பதை நெருங்கியபோது அவருக்கு நாவலப்பிட்டியில் ஒரு டீச்சரைப் பேசினார்கள். முன்பு வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துணைக்கு நான். ரயில் மகாவலியை ஒட்டி மேலே ஏற, பனிமூட்டம் ஜன்னல் வழியே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டது.

"ஆறு கீழ போகுது. நாம அது வந்த வழியாப் போறோம்," என்றார் பாதித் தூக்கத்தில். "கதை படிக்கிறதும் இப்படித்தான்."

பெண் வீட்டில் அவர் கதிரைக்கு மட்டும் இரண்டு தலையணை. இலையில் கருணைக்கிழங்கு மசியல், மோர். பெண்ணின் அப்பா முன்பே போர்டிங்குக்கு வந்து விசாரித்திருக்கிறார். "தங்கமான மனுசன், மூலம் ஒண்ணுதான் தொல்லை" என்று போர்டிங் அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். வைத்தியர்கள் பேசும் மூலம் ஒன்றும் உலகத்தில் உண்டென்பது எங்களில் யாருக்கும் நினைவில்லை.

"எவ்வளவு காலமாத் தம்பி மூலம்?"

"சின்ன வயசுல இருந்தேங்க. படிக்க உக்காந்தாப் போதும், வந்துரும்."

"உக்காந்தே இருந்தா வரத்தானே செய்யும். வைத்தியம் பார்த்தா கொணமாகாதுங்களா?"

"ஏங்க கொணமாகணும்? மூலம் இல்லாத எழுத்தாளன் எவன் இருக்கான்?"

பெரியவர் எழுந்துவிட்டார். "யோசிச்சுச் சொல்றோம்."

இந்த வாக்கியத்தை அண்ணன் பல வீடுகளில் கேட்டவர். அவர் முகம் செத்துவிட்டது.

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. டீச்சர் வெளியே வந்தார்.

"அப்பா, அவரு சொல்றது கதையோட மூலம்." பிறகு அண்ணனிடம், "பொண்ணு பார்க்க வந்த எடத்துல இப்படி ஒரு கூத்து. இதுக்கும் மூலம் இருக்குங்களா?"

அண்ணன் கண்ணை மூடினார். நான் நடுங்கிப்போனேன். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு கல்யாணம் நிற்கப்பார்ப்பது எவ்வளவு பழைய சங்கதி. எனக்கே நாலு கதை தெரியும். அவர் கண்ணைத் திறந்து டீச்சரையே பார்த்தார்.

"இல்லீங்க," என்றார். "இது புதுசு."

தையில் கல்யாணம் நடந்தது. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அந்தப் பொய்க்காகவே அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.