கருங்கலில் அயர்லாந்து

வெளிநாட்டுக்குக் குடிபெயரும் பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே உணர்த்துவது பெற்றோரின் தலையாய கடமையாகும். இந்தக் கடமையை எங்கள் ஊரான கருங்கல் வட்டாரத்திலேயே முறைப்படி, கமிட்டி வைத்து நிறைவேற்றிய ஒரே தகப்பன் நான்தான். அதன் பலன் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

என் மகள் பிரீனா நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. மருமகன் ஜெஸ்பின் வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய நாள் முதல் அவர்கள் குடும்பம் எங்கள் வீட்டில்தான். எல்லாரும் சேர்ந்தே போவதாக ஏற்பாடு. எல்லாரும் என்றால் பேத்தி ஜெப்சியும். ஜெப்சிக்கு மூன்று வயது. காலையில் எழுந்ததும் என் கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, "நான்தான் பாட்டா" என்பாள். அவள் போய்விட்டால் என் கண்ணாடி நாள் முழுக்க என் மூக்கிலேயே இருக்கும்.

'போகாதே' என்று சொல்லலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் மகளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்து, தகப்பன் 'போகாதே' என்று சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் புத்தி தெளிவடைய வேண்டுமென்று சபையில் விசேஷ ஜெபம் ஏறெடுத்துவிடுவார்கள்.

ஆனால் நான் தாலுகா ஆபீசில் நாற்காலி தேயும்வரை உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஒரு காரியம் நடக்கக் கூடாது என்றால் அங்கே 'கூடாது' என்று எழுதுகிற வழக்கமில்லை. எழுதினால் கோர்ட்டுக்குப் போவார்கள். கமிட்டி போடுவோம். கமிட்டி ஆய்வு செய்யும். ஆய்வு முடிவதற்குள் காரியம் தானாகவே ஆயுள் முடிந்து அடங்கிவிடும்.

எனவே, 'அயர்லாந்து வாழ்க்கைச் செலவு ஆயத்தக் கமிட்டி' உதயமானது. தலைவர், நான். உறுப்பினர்கள் இருவர். குளச்சல் அபுதாஹிர், வளைகுடாவில் தமாம் என்ற ஊரில் பல காலம் டிரைவராக இருந்தவர். உலகில் எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் தமாமைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர் நாராயணபெருமாள், என்னோடு வேலை பார்த்தவர். பேனாவை நேராகப் பிடித்தபடி தூங்கத் தெரிந்தவர்.

முதல் கூட்டத்தில் அபுதாஹிர் வாயைத் திறந்தார். "சாரே, வெளிநாடுண்ணா சூடுதான். வெயில்ல காரைத் தொட்டா கை வெந்து போவும்."

"ஓய், அயர்லாந்து குளிரு நாடு."

"அப்பம் குளிருள்ள தமாமுண்ணு வையும்."

நாராயணபெருமாள் கண் விழித்தார். "செலவைச் சொன்னா பிள்ளைகளுக்கு ஏறாது. அனுபவிச்சாத்தான் ஏறும். ஒத்திகை பாக்கணும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பயணம் புறப்படும் நாள்வரை எங்கள் வீடும் காம்பவுண்டும் அயர்லாந்தாகக் கருதப்படும். கேட்டுக்கு வெளியே இந்தியா. என் மனக்கணக்கு எளிமையானது. கொஞ்ச நாள் அயர்லாந்தில் கிடந்து அவதிப்பட்டால் பிரீனாவே 'வேண்டாம்ப்பா' என்று சொல்லிவிடுவாள். நான் வருத்தத்தோடு சம்மதிப்பேன்.

மறுநாள் காலை சட்டம் அமலுக்கு வந்தது. என் மனைவி செல்லபாய் பின்பக்கம் விழுந்து கிடந்த தேங்காயை எடுக்கக் குனிந்தாள்.

"ஏட்டி, அதைத் தொடாதே!"

"ஏன்? மீன் கறிக்கு அரைக்கணும்லா?"

"அயர்லாந்துல தென்னை கிடையாது. தேங்காய் கடையில வாங்கணும். அந்த விலைக்கு வாங்கி அரைச்சா கட்டுப்படியாவாது."

"அப்பம் இது என்ன மரம்?"

"கமிட்டி அதை மரமாகக் கருதவில்லை."

செல்லபாய் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டில் எது மரம் என்று அவளுக்குச் சந்தேகம் வந்ததை நான் கவனித்தேன்.

மரச்சீனிக்கும், அதாவது மரவள்ளிக் கிழங்குக்கும், அதே கதி. வீட்டுக்குப் பின்னால் முற்றி நின்றது. ஆனால் அங்கே அதை ஐஸ் கட்டி மாதிரி பொட்டலத்தில் போட்டு, தொடமுடியாத விலைக்கு விற்கிறார்களாம். ஆகவே உருளைக்கிழங்கு. காலையில் உருளைக்கிழங்கு, மத்தியானம் உருளைக்கிழங்கு, சாயங்காலம் மாறுதலுக்காகத் தோலோடு உருளைக்கிழங்கு. டாக்சிக் கூலி அங்கே கட்டுப்படியாகாது, ஆகவே எங்கே போனாலும் நடை. முடி வெட்டும் கூலியும் அங்கே அதிகம். ஜெஸ்பினே எனக்கு வெட்டிவிட்டான். அந்த வாரம் சபைப் போதகர் என் தலையைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு எந்த ஆஸ்பத்திரியில வைத்தியம் நடக்கு?" என்று உருக்கமாக விசாரித்தார்.

எல்லாவற்றிலும் சிக்கலானது ஹீட்டர் பிரச்சினை. அங்கே ஹீட்டர் போட்டால் கரண்டு பில் ஆளை விழுங்கிவிடும். அதை அணைத்துவிட்டு சுவெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஹீட்டரே இல்லை. இல்லாததை எப்படி அணைப்பது? நாராயணபெருமாள் விதியை நுணுகிப் படித்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: 'ஹீட்டர் என்பது, வீட்டில் பொருத்தப்பட்டு, கரண்டு தின்று, உடம்புக்குச் சுகம் தரும் எந்தச் சாதனத்தையும் குறிக்கும்.' ஃபேன் அணைக்கப்பட்டது. ஜெஸ்பின் பயணத்துக்கென்று கனமான கம்பளிச் சுவெட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தான். முன்மாதிரியாக அதைத் தலைவர் அணிய வேண்டும் என்று உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். மே மாதம் அது.

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. செல்லபாய்தான் ஜெபிப்பாள். நேரில் சொன்னால் நான் பதில் பேசிவிடுவேன் என்கிற சங்கதிகளை அவள் கர்த்தரிடம் சொல்வாள். எல்லாரும் கண்ணை மூடியிருக்கையில் குறுக்கே பேச முடியாது. ஆமென் சொல்லிவிட்டால் மேல்முறையீடும் கிடையாது.

"ஆண்டவரே, தேங்காயைத் தந்தீர், ஸ்தோத்திரம். அதை எடுக்க விடாத மனுசனையும் தந்தீர், அதுக்கும் ஸ்தோத்திரம். இந்த வேக்காட்டுல கம்பளி போட்டு இருக்கப்பட்ட உம்முடைய அடியானை நீரே கண்ணோக்கும். அவருக்கு வந்தது நோவா, நொடியா, கொழுப்பாண்ணு உமக்குத்தான் வெளிச்சம்."

"ஆமென்" என்றான் ஜெஸ்பின், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

நாக்கு செத்துப்போன ஒரு நாள், கேட்டைத் திறந்து இந்தியாவுக்குள் நுழைந்தேன். கருங்கல் சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் பழம்பொரியும் சாயாவுமாக உட்கார்ந்தால், எதிர் பெஞ்சில் என் கமிட்டி முழுவதும் இருந்தது.

"தலைவர் எங்க இந்தப் பக்கம்?" என்றார் நாராயணபெருமாள்.

"அயர்லாந்துல இருந்து லீவுல வந்தேன்."

"இது என்னவே சட்டைக்கு மேல?" என்று கடைக்காரர் சுவெட்டரைத் தடவிப் பார்த்தார். கழற்ற மறந்து வந்துவிட்டிருந்தேன். "அயர்லாந்து போற வீட்டுக்காரங்க இப்பம் இதுதான் போடுகினும்" என்று அபுதாஹிர் எனக்காகச் சொல்லி வைத்தார்.

அங்கே பிடித்தது தீ. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பக் காத்திருந்த வீடுகளிலெல்லாம் தகப்பன்மார் சுவெட்டர் வாங்கினார்கள். அனுப்ப யாருமில்லாதவர்கள், அது வெளியே தெரியாமல் இருப்பதற்காக வாங்கினார்கள். அந்த மே மாதம் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பட்டுச் சேலைக்கு மேல் கம்பளி போட்டுப் பெண்கள் வந்ததையும், மாப்பிள்ளை ஒருவர் மோதிரம் போடும்போது மயங்கி விழுந்ததையும் நான் கண்ணால் கண்டேன். நம்பாதவர்கள் வட்டக்கோட்டையில் விசாரிக்கலாம். அங்கே காற்று வாங்க வந்த கூட்டத்திலேயே பாதிப் பேர் சுவெட்டரில்தான் நின்றார்கள்.

ஊர் இப்படி வியர்த்துக் கொண்டிருக்க, என் மகள் ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். முகத்தில் வருத்தத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டேன்.

"எனக்கு உள்ளுக்குள்ள நல்ல பயம் உண்டும்ப்பா. அங்க போய் எப்பிடிச் சமாளிப்பேண்ணு. இப்பம் அந்தப் பயமே இல்ல. உருளைக்கிழங்கு பழகிட்டு. நடை பழகிட்டு. இவ்வளவுதானா அயர்லாந்துண்ணு ஆயிட்டு. எல்லாம் உங்களாலதான்."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். காரணம் வேறு.

என் கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு மிச்சமிருந்தது. மகளையும் மருமகனையும் உட்காரவைத்து அவசரக் கூட்டம் கூட்டினேன். "செலவிலேயே பெரிய செலவை நாம் இன்னும் ஒத்திகை பார்க்கவில்லை. பிள்ளை பராமரிப்பு. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ஜெப்சியை யார் பாக்கது? அங்க அதுக்கு வாங்குற கட்டணத்துல ஒரு ஆளுக்க சம்பளமே காலி."

பிரீனாவின் முகம் மாறியது. ஜெஸ்பினும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளே ஸ்தோத்திரப் பாட்டு கேட்டது.

உடனே முன் அறை பிள்ளைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நடத்துநர், நான். கட்டணம் அயர்லாந்துக் கட்டணம். பிள்ளையைக் கூப்பிட வரத் தாமதித்தால் அபராதம். மூக்கு ஒழுகினால் பிள்ளை திருப்பி அனுப்பப்படும். எவ்வளவு கெடுபிடி செய்ய முடியுமோ அவ்வளவும் செய்தேன். அதே நேரம், காப்பகம் என்றால் இதுதான் காப்பகம் என்று காட்டுகிற வீம்பும் வந்துவிட்டது. ஜெப்சிக்குச் சோறு ஊட்டினேன். ஆனையாக நடந்தேன். கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் குருடனாகத் தட்டுத் தடுமாறினேன். அவள் சிரித்துச் சிரித்து என் மடியிலேயே தூங்கினாள்.

ஒரு நாள் ஜெஸ்பின் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, இந்தக் காப்பகத்துக்கு மாசம் எவ்வளவு வரும்?"

நான் பெருமையோடு சொன்னேன். அவன் தலையில் கை வைத்தான்.

"செரி. இந்தக் காப்பகத்தை நடத்துற ஆளுக்கு?"

"எனக்கு எதுக்குடே காசு? நான் பாட்டாலா?"

வாயிலிருந்து வார்த்தை வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. செல்லபாய் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். பிரீனா பார்த்தாள். குளச்சல் கடற்கரையில் ஏலத்துக்கு வந்த மீனைச் சுற்றி நின்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. கண் தெளிவாக இருக்கிறதா, செதில் உதிர்கிறதா, கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை தாங்குமா.

"மாமா, உங்களுக்குப் பாஸ்போர்ட் உண்டா?" என்றான் ஜெஸ்பின்.

"இல்ல," என்றேன் வேகமாக.

"உண்டு," என்றாள் செல்லபாய். "பெத்லகேம் போகணும்ணு ரெண்டு பேரும் எடுத்தோம்லா."

அன்றைய ஜெபம் சுருக்கமாக இருந்தது. "ஆண்டவரே, பிள்ளையைப் பாக்க ஆளில்லியேண்ணு கலங்குனோம். நீரோ வீட்டுக்குள்ளயே ஒருத்தரை உருளைக்கிழங்கு குடுத்து, கம்பளி போட்டுப் பழக்கி வச்சிருந்தீர். உமக்கு ஸ்தோத்திரம்."

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாத விசா. இரண்டு பேராகப் போனால் இரண்டு வாய்ச் சோறு. தேவைக்கு மேல் ஆள் கூடாது என்று கமிட்டி ஏற்கெனவே விதித்திருந்தது. எனவே ஒருமுறை நான், அடுத்த முறை செல்லபாய். டப்ளின் வீட்டில் போய் இறங்கியதும் சுவரில் ஒரு ஹீட்டரைக் கண்டேன். பிரீனா என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.

"அப்பா, சுவெட்டர்," என்றாள்.

கமிட்டியின் பயிற்சியில் முழுத் தேர்ச்சி பெற்றவன் நான் ஒருவன்தான் என்பதை அன்று உணர்ந்தேன்.

இப்போது இதைச் சொல்வது வளைகுடாவிலுள்ள ஒரு விமான நிலைய பெஞ்சில் இருந்து. இங்கேதான் எங்களுக்கு முறை மாறும். டப்ளினிலிருந்து செல்லபாய் வந்து இறங்குவாள், டப்ளினுக்கு நான் ஏறுவேன். இடையில் ஒரு நாள் ஜெப்சியைப் பார்த்துக்கொள்ள ஜெஸ்பின் லீவு. நாங்கள் தாலி கட்டியவர்கள், சேர்ந்து வாழ்வது இந்த பெஞ்சில்தான். சாயா குடிப்பதில்லை, இங்கத்தைய விலைக்குக் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்து பெஞ்சுகளிலும் எங்கள் மாவட்டத்து முகங்கள்தான். ஒருவர் சுவெட்டரைக் கழற்றுகிறார், மற்றவர் மாட்டிக்கொள்கிறார். எதிரே குரங்குக் குல்லாவோடு நாராயணபெருமாள். மகன் கனடாவில்.

"ஓய், நீருமா?" என்றேன்.

"எனக்குப் பாக்க ரெட்டைப் பேரப்பிள்ளை ஓய்," என்றார், இந்த முறை தூங்காமல்.

செல்லபாய் வந்து உட்கார்ந்து சுவெட்டரைக் கழற்றினாள்.

"ஜெப்சி எப்பிடி இருக்கா?"

"உங்க கண்ணாடியத்தான் கேட்டுட்டே கெடக்கா. பின்ன, பிரீனாவுக்கு வாந்தி."

"டாக்டரைப் பாத்தாளா?"

"எனக்க மனுசனே, இது அந்த வாந்தி."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. அரசாங்கம் தராத பணி நீட்டிப்பு. அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை.

"செல்லபாய், நாம ரெண்டு பேரும் எப்பம்தான் ஒரு வீட்டுல..."

"இந்தப் பிள்ளையையும் நாமளே பாப்போம்ணு போன வாரமே ஜெபத்துல சொல்லியாச்சு."

"ஆமெனுமா?"

"ஆமெனும்தான்."

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். சுவெட்டரை மாட்டிக்கொண்டேன். அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. அதற்கு எந்த நாட்டிலும் பில் கிடையாது. டப்ளின் போய்ச் சேரும்வரை அது தாங்குமா என்பதை ஒரு கமிட்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.