இருபடிச் சமன்பாடும் ராஜகிரிச் சூரியனும்

கணக்கு வாத்தியார் லேசில் சபதம் எடுக்கக் கூடாது. அந்தச் சனிக்கிழமை நான் எடுத்தேன். இருபடிச் சமன்பாட்டைப் போட ஒரு சுலப வழி கண்டுபிடிக்காமல் மணையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று மனைவி ராஜமதியிடம் சொல்லிவிட்டு, சிலேட்டுடன் உட்கார்ந்தேன்.

உண்மையில் வழியை வியாழக்கிழமையே கண்டுபிடித்தாயிற்று. சபதம் வேறு காரியத்துக்கு. மறுநாள் சிங்கவரத்தில் என் மாமனார் நிலத்தில் கடலை பிடுங்குகிறார்கள். மாப்பிள்ளையும் வந்து குனிய வேண்டும் என்பது அவர் ஆசை. என் இடுப்புக்கு அந்த ஆசை இல்லை.

"அப்ப நாளைக்கு நைனா ஊட்டுக்கு வரமாட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டா ஒடனே வரேன். பாவம், அஞ்சாம் பாரத்துப் பசங்க அழுவறாங்க."

"சரிங்க. சபதம்னா சபதந்தான். கண்டுபிடிக்கிற வரைக்கும் சோறும் வேணாம்."

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் விடியும்வரை எங்கள் வீட்டில் ஒரு பருக்கை வாயில் போகாது. சாயங்காலம் அடுப்படியிலிருந்து நெய்யில் மிளகு பொரியும் வாசனை வந்தது. சூரியன் ராஜகிரி மலைக்கோட்டை மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு பயம் வந்துவிட்டது.

"ராஜமதி, கண்டுபிடிச்சிட்டேன். எலை போடு."

"போட்டாச்சு. இன்னா வழின்னு சொல்லுங்க. நைனா கேட்டா நான் சொல்லணுமில்ல."

அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்திருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கணக்குக் கேட்டதே இல்லை. நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

"கேளு. ரெண்டு எண்ணு. கூட்டினா பதினாலு, பெருக்கினா நாப்பத்தஞ்சு. பதினாலுல பாதி ஏழு. ஒண்ணு ஏழுக்கு எவ்ளோ மேலயோ, இன்னொண்ணு அவ்ளோ கீழ. ஏழேழு நாப்பத்தொம்போது. நாப்பத்தஞ்சு போனா நாலு. அதுக்கு வர்க்கமூலம் ரெண்டு. ஏழும் ரெண்டும் ஒம்போது. ஏழுல ரெண்டு போனா அஞ்சு. முடிஞ்சுது."

"எல்லாக் கணக்குக்கும் இது வருமா?"

வருமா என்று என்னிடமே கேட்டுவிட்டாள். இன்னொன்று போட்டுக் காட்டினேன். பின்னத்தில் ஒன்று போட்டேன். பிறகு, அவள் கேட்காமலே, நிரூபணமும் எழுதினேன். நிமிர்ந்தபோது சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போயிருந்தது.

"மலைதான மறைக்குது. பொழுது இன்னும் இருக்குது," என்றேன்.

"போன வருசம் எங்க நைனா பசியோட வந்தப்ப நீங்கதான சொன்னீங்க, மலை மறைச்சா பொழுது போச்சுன்னு."

சொன்னேன்தான். அன்று என் சாப்பாடு முடிந்திருந்தது.

"நீ சாப்டியா?"

"ரெண்டாவது கணக்கு போட்டீங்கல்ல, அப்பவே. கேட்டுக்கினேதான் சாப்ட்டேன்."

எனக்கு மெய்யாகவே அழுகை வந்தது. இருந்தாலும் ஆண்பிள்ளை. "பரவால்ல, விடிஞ்சதும் சாப்டுக்கறேன்," என்றேன்.

"அதான் கண்டுபிடிச்சிட்டீங்கல்ல, சிங்கவரத்துக்கு வண்டி விடியறதுக்கு முன்னாடியே கெளம்புதுங்க. நைனா சோத்த வயலுக்கே எடுத்தாந்துருவாரு."

"எப்போ?"

"கடலை புடுங்கி முடிஞ்சதும்."