மலை ஏற்றிய பாட்டு

"உங்க பொண்ணு கையில பெட்டி பாடலங்க, அவ்ளோதான். தட்டைத் திருப்பி வாங்கிக்கினு..."

"பெட்டி பாடலன்னா பெட்டியப் போயி கேளுங்க, எம் பொண்ணை எதுக்கு..."

"மலையச் சுத்தி வந்தும் வாயத் தெறக்கலன்னா, தோஷம் இல்லாம இன்னாங்க அது?"

"பாட்டுப்பொட்டி பாடலன்னா ரிப்பேருன்னு சொல்லுவாங்க. தோஷம்னு இப்பத்தான் கேக்கறேன்."

அடி அண்ணாமலையில் கன்னியம்மாள் வீட்டு வாசலில் நடந்த சண்டை இது. தட்டோடு நின்றவர் திருவண்ணாமலை டவுன் திரௌபதி. கன்னியம்மாளின் மகள் ஓவியாவுக்கு மாமியாராக வேண்டியவர். நிச்சயத்தன்று மாற்றிக்கொண்ட தட்டைத்தான் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை இளவரசன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, வேப்பமரத்தின் இலைகளை எண்ணுகிறவன்போல் அண்ணாந்து நின்றான்.

இத்தனை சத்தமும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியைப் பற்றி. ஒரே ஒரு பொத்தான், பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. கிரிவலப் பாதையில் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த நாதச்சித்தர் அதைத் தருவார். தருவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் மாட்டுவார். கம்ப்யூட்டருக்கு நெற்றியில் விபூதிப்பட்டை, முகத்தை மறைத்துச் சிவப்புத் துணி. மாட்டுகிற ஒயருக்கு மஞ்சள் பூச்சு. பெட்டியில் ஒட்டியிருக்கும் பூர்வஜென்மக் கர்மத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கழுவிக் காலியாக்கிவிடுமாம். பிறகு சித்தரே பொத்தானை அழுத்திக் கொடுப்பார். மடியில் கட்டிக்கொண்டு மலையைச் சுற்ற வேண்டும். சுற்றி முடிக்கும்போது, மலையே அந்தக் காலிப்பெட்டிக்குள் நமசிவாய மந்திரத்தை ஏற்றிவிடும். பெட்டி தானாகப் பாடும். பாடினால் தோஷமில்லாதவர். பாடாவிட்டால் பரிகாரம், மறுபடி காணிக்கை, மறுபடி பெட்டி. மலைக்கு என்ன குறைச்சல், அது அங்கேயேதான் இருக்கிறது.

கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குப் பாட்டு ஏற்றுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை. ஆனால் ஒயருக்கு மஞ்சள் பூசிவிட்டால் எம்.எஸ்ஸி. படித்தவருக்கும் அது மறந்துபோகிறது. கொட்டகை வாசலில் வரிசை ரோட்டைத் தாண்டி நின்றது. ஆட்டோக்காரர்கள் "பெட்டி சாமி, பெட்டி சாமி" என்று கூவித்தான் ஆள் ஏற்றினார்கள்.

அந்தச் சாமிக்கு முன்னாளில் அருள்ராஜ் என்று பெயர். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்துகொண்டிருந்தவர். ஊரார் செல்போனிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கத் தொடங்கியதும் கடை படுத்துவிட்டது. விற்காத பாட்டுப்பெட்டிகள் மூட்டை மூட்டையாக மிஞ்சின. சவரம் செய்யாததில் தாடியும் மிஞ்சியது. இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்திருக்கிறார். ஊரில் யோசித்த ஆள் அவர் ஒருவர்தான்.

கன்னியம்மாளும் பெரிய பகுத்தறிவுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பெட்டியோடு சுற்றி வரட்டும் என்று திரௌபதி சொன்னபோது, "இன்னாத்துக்குங்க யோசனை, பேஷா சுத்தட்டும்" என்று தலையாட்டியவள்தான். தன் பெண் கையில் பாடாமல் வேறு யார் கையில் பாடப்போகிறது என்கிற திமிர். சண்டை நடந்த அன்று காலையில் அது பாடவில்லை. கொட்டகையில் அத்தனை பேர் பார்க்க, ஊமைப்பெட்டியோடு ஓவியா நின்றாள். சித்தர் கண்ணை மூடி, "கன்னி தோஷம்" என்றார். இனி அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் ஊர் ஊராகப் போகும். டவுனிலிருந்து இன்னொரு வரன் வராது. அதைவிட, ஓவியாவுக்கு இளவரசனைப் பிடித்திருந்தது. கன்னியம்மாளின் வயிறு எரிந்தது அதற்குத்தான்.

எரிந்த வயிற்றோடு மகள் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி மாட்டுக்கொட்டகைப் பக்கம் வீசினாள். அது வைக்கோலில் விழுந்தது. சண்டை தொடர்ந்தது. பெண்ணின் ஜாதகத்தில் தொடங்கி, நிச்சயத்தன்று போட்ட சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பதுவரை போய்க்கொண்டிருந்தபோது, கொட்டகைக்குள்ளிருந்து கணீரென்று குரல் வந்தது. நமசிவாய. நமசிவாய.

எல்லாரும் ஓடிப் பார்த்தார்கள். எருமை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. மந்திரம் அதன் வாய்க்கு நேராக, வைக்கோலுக்குள்ளிருந்து வந்தது.

மலையைச் சுற்றாத எருமை. முளைக்குச்சியைக்கூடச் சரியாகச் சுற்றாத எருமை. யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? திரௌபதி தட்டைக் கீழே வைத்துவிட்டு எருமைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"போன ஜென்மத்துல ரிஷியா இருந்திருக்கும்" என்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எருமைக்கு இருக்கற புண்ணியம் உங்க பொண்ணுக்கு இல்லையேங்க."

அடுத்த நாளிலிருந்து எருமையைப் பார்க்கக் கூட்டம். அகத்திக்கீரை, வாழைப்பழம், வெல்லம், பொங்கல். கொம்புக்கு மஞ்சள், கழுத்துக்கு மாலை. மாலையை எருமை தின்றது. பிரசாதம் என்று மிச்சப் பூவைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நாலு நாளில் அதற்கு வயிற்றுப்போக்கு கண்டது. அதையும் ஒருவர் வாழையிலையில் ஏந்திக்கொண்டு போனார். என்னத்துக்கு என்று கன்னியம்மாள் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்லிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி குடைந்தது. சுற்றிய பெண் கையில் ஏன் பாடவில்லை, சுற்றாத எருமையிடம் ஏன் பாடியது? பெட்டியை வழியில் என்ன செய்தாய் என்று மகளைக் கேட்டாள்.

ஓவியா செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். யோசித்துச் சொன்னாள். போகிறபோது சிவப்பு விளக்கு வீணாக எரிகிறதே என்று பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டாளாம். கொட்டகைக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி போட்டாளாம். வெறுமனே எரியும் எதையும் அணைக்காமல் நகர்ந்தால் திட்டு விழும் வீட்டில் வளர்ந்த பெண். மலையைச் சுற்றினாலும் பழக்கம் கூடவே சுற்றுகிறது.

கன்னியம்மாள் விரலை மடக்கிப் பார்த்தாள். போட்டதற்கும் எருமை பாடியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? ஒரு ஆள் மலையைச் சுற்றி வருகிற நேரம்.

பௌர்ணமியன்று காலையிலேயே கொட்டகைக்குப் போனாள். ஓவியா கூட வந்தாள். எருமை மகிமையைச் சொல்லிச் சொல்லியே திரௌபதி அங்கே முக்கியஸ்தராகிவிட்டிருந்தார்; முன்வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்தார். சித்தருக்குக் கூடமாட இருந்த மச்சான் ராஜா, கன்னியம்மாளின் நரைத்த தலையையும் அவள் நடையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு பெட்டியைக் கம்ப்யூட்டரில் கழுவி நீட்டினான். சித்தர் பொத்தானை அழுத்தினார். கன்னியம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். எதிரில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கிளம்பலையாம்மா?" என்றார் சித்தர்.

"இல்ல சாமி. நடக்காம ஒக்காந்தா பாடுமா?"

"ஜென்மத்துக்கும் பாடாது."

"அப்ப ஒக்காந்தே பாத்துடறேன்."

வரிசையில் நின்றவர்களுக்கு வேடிக்கை கிடைத்துவிட்டது. மலை எங்கே போகப்போகிறது, இதைப் பார்த்துவிட்டுச் சுற்றலாம் என்று பெட்டி வாங்கியவர்கள் பலரும் அங்கேயே குந்தினார்கள். சுண்டல் வந்தது. சித்தர் இரண்டு தடவை ஆசீர்வாதம் செய்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு முந்தானை முடிச்சருகே வந்தார். "அங்கேருந்தே பண்ணுங்க சாமி, வரும்" என்று முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

வெயில் ஏறியது. முதலில் பாடியது கன்னியம்மாளின் பெட்டி அல்ல. சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு வாலிபனின் சட்டைப்பையில் நமசிவாய கேட்டது. அவன் திடுக்கிட்டுச் சுண்டலைக் கொட்டினான். அடுத்து அவன் நண்பனின் இடுப்பில். அடுத்து ஒரு பெண்ணின் கைப்பையில். மழைக்குப் பிந்திய ஏரித் தவளைகள்போல ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துகொண்டன. ஒருவரும் ஓர் அடி நடக்கவில்லை.

அருள்ராஜ் லேசுப்பட்ட ஆளா? சட்டென்று எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். இன்று மலையே இறங்கிவந்து எல்லாரையும் சுற்றிவிட்டதாக அறிவித்தார். கூட்டம் மெய்சிலிர்த்தது. பிறகு கன்னியம்மாளைக் காட்டினார். "அத்தினி பேருக்கும் பாடுச்சு. சந்தேகப்பட்டவளுக்கு மட்டும் பாடல. பாத்தீங்களா பாவத்தை?"

கூட்டத்தின் முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அவை அன்பான முகங்களாக இல்லை. "தாயப் போலப் பொண்ணு" என்றார் திரௌபதி. கன்னியம்மாள் முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ராஜா வாயைத் திறந்தான். நல்ல மனுஷன், விவரம் கொஞ்சம் கம்மி. சித்தர் கலங்கிவிடக் கூடாதே என்று உரக்கவே சொன்னான்.

"பாடும் மாமா, அவசரப்படாதீங்க. அந்தம்மாவுக்கு மூட்டுவலிக்காரங்க பாட்டை ஏத்திக் குடுத்தேன். மெதுவா நடக்கறவங்களாச்சே, சத்தமில்லாம ஓடறது அதுல ஜாஸ்தி. இன்னும் நேரம் ஆகும்."

கூட்டம் அதை மென்று முழுங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. முழுங்கி முடிக்கும்போது, கன்னியம்மாளின் முந்தானைக்குள் நமசிவாய கேட்டது.

யாரோ சிவப்புத் துணியை இழுத்தார்கள். யாரோ தாடியை இழுத்தார்கள். அது மட்டும் நிஜம். "நான் யாரையும் ஏமாத்தலங்க, பாட்டுதான் ஏத்துனேன்" என்று அருள்ராஜ் அழுதார். ஒருவர் அவரை விலக்கிவிட்டு, அது சரி, இனி இந்தப் பெட்டியில் சினிமாப் பாட்டு ஏற்ற முடியுமா என்று ராஜாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர், எருமை விஷயமாவது நிஜமா என்று கன்னியம்மாளிடம் கெஞ்சினார். "அதுக்கு இன்னும் வயித்தால போவுதுங்க. அது மட்டுந்தான் நிஜம்" என்றாள்.

திரௌபதி நல்ல பெண்மணி. நம்புவதையும் வேகமாகச் செய்வார், மாறுவதையும் வேகமாகச் செய்வார். ஓவியாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். தோஷமாவது ஒன்றாவது, வருகிற தையிலேயே முகூர்த்தம் பார்த்துவிடலாம் என்றார். கன்னியம்மாளின் முகம் மலர்ந்தது. அவள் மகளைப் பார்த்தாள்.

இளவரசனும் சிரித்தபடி முன்னால் வந்தான். தட்டைத் திருப்ப வந்த அன்றைக்கே அவனுக்கு இது தெரியுமாம். முன்னால் சத்தமில்லாமல் விட்டு, பின்னால் மந்திரத்தைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஒரே பாட்டாக்கி ஏற்றியிருக்கிறார்கள், சின்ன வேலை என்று விளக்கினான். அம்மா மனசு கஷ்டப்படுமே என்றுதான் பேசாமல் இருந்துவிட்டானாம்.

ஓவியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளைச் சுற்றி மூட்டுவலிக்காரர்களின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பாடத் தொடங்கியிருந்தன.

"பெட்டிகூட நேரம் வந்ததும் வாயத் தெறந்துடுச்சுங்க. உங்களுக்கு எத்தினி மணி நேரம் வெச்சு ஏத்தியிருக்காங்க?"