புதையல் படமும் பொல்லாத ரசிகர்களும்

"படம் பரவால்ல சேர். ஆனா சத்தம் பத்தல" என்றார் தோட்டத் தலைவர் செல்லசாமி, தர்ஷன் நீட்டிய போனைப் பார்த்து.

தர்ஷனுக்கு முகம் தொங்கிப்போனது. 'பரவால்ல'யை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது?

தோட்டத்தை நடத்தும் கொழும்புக் கம்பனி, தோட்டத்துச் சனங்களுக்கென்று ஒரு கார்ட்டூன் படம் எடுத்திருந்தது. முள்ளம்பன்றி, காகம், கீரி, ஆமை என்று நாலு கூட்டாளிகள். மலைக்குள் கிடக்கும் புதையலைத் தேடிப் போய் அவர்கள் அடிக்கும் கூத்துதான் கதை. அதை முதலில் உடப்புசல்லாவைக்குப் பக்கத்திலுள்ள இந்தத் தோட்டத்தில் போட்டுக் காட்ட வேண்டும். பார்த்தவர்கள் வாயாரப் புகழ்வதைப் போனில் பிடித்து இன்றைக்கே அனுப்ப வேண்டும். அனுப்பினால் தர்ஷனின் நலன்புரி உத்தியோகத்தர் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் டிக்கோயாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே வேலையில்லாத அண்ணன்மார் இரண்டு பேர் ஏற்கெனவே வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். மூன்றாவது ஆளை அப்பா வாசற்படியில்கூட ஏற்ற மாட்டார்.

தோட்டத்து ஹோலைத் திறக்கவும் அவன் கொஞ்சப் பாடு படவில்லை. படம் காட்டி, கருத்து வாங்கியதும் ஹோலைப் பூட்டி, சாவியைப் பங்களாவில் ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு குஞ்சும் உள்ளே இருக்கக்கூடாது என்று தோட்ட மானேஜரான பெரிய துரை கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பௌர்ணமிப் போயா லீவு. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது, வடிகால் கானில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. அந்த மழையிலும் மேல் டிவிசன் லயத்து வரிசை வீடுகளின் சனம் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து குவிந்திருந்தது. பாய், கம்பளி, கைப்பிள்ளைகள், போதாததற்கு ஒரு கூடையில் இரண்டு கோழிகள். படத்துக்கு இவ்வளவு மவுசா என்று தர்ஷன் பூரித்துப்போனான். பாவம், அவன் பூரிப்பு படம் முடியும்வரைதான் நீடித்தது.

"சத்தத்தக் கூட்டித் திரும்பப் போடுறேன் தலைவரே. அப்ப நல்லா சொல்லுவீங்கதானே?"

"போடுங்க சேர், பாப்போம்."

போட்டான். சுவர் அதிர்ந்தது. படம் முடிந்ததும் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமியிடம் போனை நீட்டினான்.

"சத்தம் கூடிப்போச்சு சேர். கைப்புள்ள வீறிட்டு அழுவுது" என்றாள் அவள். "அதோட அந்த முள்ளம்பன்னி பாட்டுக்கு மலையத் தோண்டுது, தோண்டுது. கீழ யாரு குடியிருக்காங்கன்னு ஒரு வார்த்த கேட்டுச்சா?"

"அக்கா, அது கார்ட்டூன்."

"கார்ட்டூன்னா என்னங்க? மலைன்னா மலைதானே?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தர்ஷன் மட்டும் சிரித்துவைத்தான்.

கதை விளங்கவில்லை போலும் என்று முடிவு செய்து, மூன்றாம் முறை ஓட்டும்போது இடையிடையே நிறுத்தி விளக்கம் சொன்னான். ஆமை ஏன் அழுகிறது, காகம் ஏன் பொய் சொல்கிறது, எல்லாம் சொன்னான். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பெரியவர்கள் திரையைப் பார்ப்பதைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தார்கள். வெளியே ஏதாவது சத்தம் கேட்டால் தலைகள் மொத்தமாய்த் திரும்பின. இவ்வளவு சலிப்பான படத்தையா நம் தலையில் கட்டினார்கள் என்று அவன் கொழும்புக்காரர்களை மனதுக்குள் திட்டினான்.

"இப்ப எப்படி?"

"நீங்க பேசுனதுல படம் என்ன பேசிச்சின்னே கேக்கல சேர்" என்றார் செல்லசாமி. "விளக்கம் இல்லாம இன்னொருக்கா போட்டீங்கன்னா..."

முன்வரிசையில் ஒரு சிறுமி துள்ளி எழுந்து, "சேர், சூப்ப..." என்று தொடங்கினாள். அவள் அம்மா பாய்ந்து வாயைப் பொத்தி மடியில் இழுத்துப்போட்டாள். கிடைக்கவிருந்த ஒரே நல்ல வார்த்தையும் அப்படிப் போனது.

தர்ஷன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். கடையிலிருந்து பணிஸ் வரவழைத்தான். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மாவிடம் சொல்லி, ஹோல் மூலையில் தேத்தண்ணி போடச் செய்தான். மீனம்மா காலையிலிருந்து யாரோடும் ஒரு பேச்சுப் பேசவில்லை. தலையைக் குனிந்தபடி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். படம் நாலாம் முறையாக ஓடியது. சனம் பொறுமையாகத் தின்று குடித்தது.

"இப்பவாச்சும் சொல்லுங்க அக்கா."

நாகலெட்சுமி வாயைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். "பணிஸ் ரொம்ப நல்லாருந்துச்சு."

"படம்?"

"படத்தப் பத்தி இப்பவே சொல்லிற முடியாது சேர்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பங்களாவிலிருந்து சாவி கேட்டு ஆள் வந்துபோய்விட்டான். கொழும்பிலிருந்தும் போன் வந்துவிட்டது. தர்ஷனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"இங்க பாருங்க! நல்லாருக்குன்னு ஒரே ஒரு வார்த்த சொல்றவங்க இந்த நிமிசமே லயத்துக்குப் போகலாம். சொல்லாதவங்க இங்கேயே கெடந்து விடிய விடிய இதே படத்தத்தான் பாக்கணும்!"

இந்தத் தண்டனைக்கு அஞ்சி எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள் என்று போனைத் தயாராய்ப் பிடித்தான்.

ஒருவரும் அசையவில்லை. செல்லசாமி மெல்லத் தன் பாயை விரித்தார். நாகலெட்சுமி பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக் கிடத்தினாள்.

தர்ஷன் நாற்காலியிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டான். வேலை போயிற்று. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெம்பில்லை. எதிரே மீனம்மா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் இவங்களுக்கு என்னங்க பாவம் செஞ்சேன்? அவ்வளவு மோசமான படமா இது?"

மீனம்மா கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக வாய் திறந்தாள்.

"படம் மொதத் தடவையே எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு சேர், நல்லாருக்குன்னு சொன்னா ஹோலப் பூட்டிட்டு எங்கள லயத்துக்கு அனுப்பிருவீங்க, அங்க பின்பக்கத்து மலை காலையிலேயே வெடிச்சு, எப்ப சரியுமோன்னு கெடக்கு."