துரைக்குப் போன கூடை

“ஐயர் பாபு, இதை எழுதச் சொன்னது யார்?”

மேனேஜர் ஹல்தாரின் விரல் கணக்குச் சிட்டையில் ஒரு வரியைத் தட்டியது. ‘துறைமுகம் ஹார்ட்டன் துரைக்குக் கிறிஸ்துமஸ் கூடை: விஸ்கி இரண்டு, கேக் ஒன்று, ரூபாய் பதினெட்டு.’ கூடையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஹல்தார்தான்.

“எதைக் கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதாவிட்டால் அது கணக்கா?” என்றார் வைத்தீஸ்வரன். சணல் சாக்குக் கடையில் கணக்குப்பிள்ளை. பேனாவைத் தொட்டுவிட்டால் மட்டும் வைசிராயிடமே கணக்குக் கேட்கிறவர்போல் நிமிர்ந்துகொள்வார்.

“துரை பேர் வெளியே வந்தால் அவருக்கு ஆபத்து. நமக்குத் துறைமுகச் சாக்குக் காண்டிராக்ட் போச்சு. உமக்கு வேலை போச்சு.”

நிமிர்ந்த முதுகு வளைந்தது. துரையை அடித்துவிட்டுத் ‘தர்மம்’ என்று எழுதினார்.

முதலாளி தத்தா பாபு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “தர்மத்துக்கு விஸ்கியா?”

“மருந்து!” என்றார் வைத்தீஸ்வரன். விஸ்கி மருந்தாயிற்று.

“யாருக்கு உடம்பு சரியில்லை?”

ஹல்தார் கண்ணால் ஜாடை காட்டினார்.

“எனக்குத்தான்.” வைத்தீஸ்வரன் தர்மத்தை அடித்துத் தம் பெயரையே எழுதினார்.

“மருந்தென்று சொல்லி என் காசில் குடிக்கிறீரா? வெள்ளிக்கிழமைக்குள் இல்லையென்று நிரூபியும். முடியாவிட்டால் நடையைக் கட்டும்.”

ஹல்தார் துக்கத்தோடு தலையாட்டினார்.

வீட்டில் மனைவி நாகலக்ஷ்மி சாதத் தட்டை ணங்கென்று வைத்தாள். “பவானிப்பூர் பூரா நீங்க குடிக்கறேள்னு பேச்சு.”

“கணக்கு ஒழுங்கா இருக்கணும்னுதாண்டி...”

“நன்னா இருக்கு ஒழுங்கு! அந்தத் தொரைகிட்டயே போய் கூடை வந்துதுன்னு ரெண்டு வரி எழுதி வாங்கிண்டு வாங்கோ.”

துரை பங்களாவில் முன்வாசலுக்குத் தைரியம் வராமல், சமையற்கட்டுப் பக்கம் போனார். பட்லர் மதராஸ்காரன்.

“கூடையா? நாந்தான் சாமி வாங்கி வச்சேன்.”

வைத்தீஸ்வரனுக்கு உயிர் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “துரைக்கு ஆபத்து வராம ஒரு கடுதாசி வேணும்ப்பா.”

“அவருக்கு என்னா ஆபத்து? ஓசில துரும்பைத் தொடமாட்டாரு. பதினெட்டு ரூபாயை அப்பவே ஹல்தார் பாபு கையில எண்ணிக் கொடுத்துட்டாரே. ஏன், நீங்க வரவு எழுதலையா சாமி?”